கை தூக்காத கமிட்டிகள்: குவேக்கர் உறைவிடப் பள்ளிகளில் விடுதி எப்படி ஓடுகிறது

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளி என்றாலே மௌன வழிபாடுதான் முதலில் பேச்சில் வரும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பழைய மர பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்றால் யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும், சரி. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. அந்த மௌனம் முடிந்து எழுந்து போன பிறகு, இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, யார் எந்த வாரம் பாத்திரம் கழுவுவது, சனிக்கிழமை ஊருக்குள் போய்வர வண்டி விடலாமா என்பதையெல்லாம் அதே பிள்ளைகள் முடிவு செய்கிற விதம் இருக்கிறதே, அதுதான். எதற்கெடுத்தாலும் ஒரு கமிட்டி. ஒரு கமிட்டியிலும் ஓட்டெடுப்பு கிடையாது.

மாணவர்களுக்கு ஜனநாயகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கமிட்டி நாடாளுமன்றத்தைப் பார்த்து வந்ததில்லை, பாதிரியாரே இல்லாத ஒரு மதத்திலிருந்து வந்தது. இன்னொன்றும் சொல்வேன்: இந்த முறை ஓரளவாவது ஓடுகிறது என்றால் அதற்கு குவேக்கர் தத்துவம் பாதிக் காரணம், மீதிப் பாதி விடுதி. கூட்டத்தில் யாரை எதிர்த்துப் பேசினீர்களோ அவரோடுதான் ராத்திரி ஒரே அறையில் படுக்க வேண்டும், காலையில் ஒரே குழாயடியில் பல் தேய்க்க வேண்டும்.

முதலில் மதப் பக்கம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானவர்கள் தொடங்கிய இயக்கம் இது; கடவுளின் ஒளி ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, நடுவில் ஒருவர் நின்று எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை என்பது அடிப்படை. அப்படியானால் சம்பளம் வாங்கும் பாதிரியார் எதற்கு? வேண்டாம் என்றார்கள். (பின்னாளில் அமெரிக்காவிலும் கென்யாவிலும் பாதிரியார் வைத்துக்கொண்ட கிளைகள் உருவாயின, நாம் இங்கே பேசும் பள்ளிகள் பெரும்பாலும் மௌன வழிபாட்டுக் கிளையைச் சேர்ந்தவை.) பாதிரியார் இல்லை என்றால் கூரை ஒழுகுவதை யார் பார்ப்பது, நோயாளியை யார் போய்ப் பார்ப்பது, கல்யாணத்துக்கு யார் சாட்சி, ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு உதவி? எல்லாவற்றையும் சபையே கூடிப் பேசித்தான் செய்தாக வேண்டும். மாதக் கூட்டம், ஆண்டுக் கூட்டம், அவற்றுக்குக் கீழே கமிட்டிகள் என்று முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அவர்கள் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. அதனால் குவேக்கர்களுக்குக் கமிட்டி என்பது நிர்வாகச் சள்ளை மட்டும் கிடையாது, வழிபாட்டின் இன்னொரு பகுதி. கூட்டம் மௌனத்தில் தொடங்கும், மௌனத்தில் முடியும்.

நடுவில் நடப்பது இதுதான். கிளர்க் என்று ஒருவர் இருப்பார், தலைவர் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தன் கருத்தைச் சொல்வது அவர் வேலையில்லை. விஷயத்தை முன்வைப்பார். ஒருவர் பேசியதும் உடனே இன்னொருவர் பாய மாட்டார், சிறிது இடைவெளி விடுவார்கள். பேசுகிறவர் எதிராளிக்குப் பதில் சொல்லும் தோரணையில் பேசாமல் கூட்டத்தை நோக்கிப் பேச வேண்டும். ஒருவர் சொன்னதையே நீங்களும் நினைத்திருந்தால் அதைத் திரும்ப நீட்டிச் சொல்லாமல் "அவர் என் மனதில் இருப்பதைச் சொன்னார்" என்று முடித்துக்கொள்ளலாம். பேச்சு ஒரு பக்கம் கனிந்து வருகிறது என்று கிளர்க்குக்குத் தோன்றும்போது அங்கேயே ஒரு குறிப்பை எழுதி வாசித்துக் காட்டுவார். எல்லோரும் ஏற்றால் அதுதான் முடிவு. எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை எங்கேயும் பதிவாகாது. ஒருவருக்கு உடன்பாடில்லை, ஆனால் மற்றவர்களைத் தடுக்கவும் மனமில்லை என்றால் "நான் விலகி நிற்கிறேன்" என்று சொல்லலாம். முடியவே முடியாது என்று ஒருவர் நின்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

ஆள் தேர்வும் இப்படியே. போஸ்டர், பேச்சு, "எனக்கு வாக்களியுங்கள்" எதுவும் இல்லை. ஆள் பரிந்துரைக்கும் கமிட்டி ஒன்று இருக்கும். அது உட்கார்ந்து, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று யோசித்து, போய்க் கேட்கும். பள்ளித் தேர்தலில் ஒரு நாளும் நிற்காத, நின்றாலும் ஜெயிக்காத, வாய் திறவாத பையன் ஒருவன் இங்கே கிளர்க் ஆகிவிட முடியும். அவனுக்குக் கேட்கத் தெரிகிறது என்று யாரோ கவனித்திருந்தால் போதும்.

ஆனால் ஒன்று. இதெல்லாம் பெரியவர்களின் சபை முறை. பிள்ளைகள் கைக்கு இது வெகு தாமதமாகத்தான் வந்தது. குவேக்கர்களின் பள்ளிக்கூட வரலாறு 1668இலேயே தொடங்குகிறது. அந்த வருடம் ஃபாக்ஸ் லண்டன் பக்கத்தில் வால்தமில் ஒரு பள்ளியும், ஷாக்கில்வெல்லில் பெண்களுக்கென்று ஒரு பள்ளியும் தொடங்கச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆங்கிலத் திருச்சபையை ஏற்காதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் 1871 வரை முழுதாகத் திறக்கவில்லை என்பதால், சொந்தமாகப் பள்ளி நடத்துவது அவர்களுக்கு விருப்பம் என்பதைவிடத் தேவை. 1779இல் யார்க்‌ஷயரில் ஆக்வொர்த் பள்ளி வந்தது. ஜான் ஃபாதர்கில் என்ற குவேக்கர் மருத்துவரின் முயற்சி அது. லண்டனின் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லம் அந்த ஊரில் ஒரு கிளைக் கட்டடம் கட்டிவிட்டு நடத்த முடியாமல் விட்டிருந்தது, அதை வாங்கிப் பள்ளியாக்கினார்கள். வசதி குறைந்த குவேக்கர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பள்ளி. 1799இல் அமெரிக்காவில் வெஸ்ட்டவுன் பள்ளி, பிலடெல்பியாவிலிருந்து குதிரை வண்டியில் ஒரு நாள் பயணத் தூரத்தில், 600 ஏக்கர் நிலத்தில். இவ்வளவு தள்ளி ஏன் என்றால், நகரத்தின் ஆடம்பரமும் நாடகக் கொட்டகையும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. வேலி போட்டு வளர்க்கும் கல்வி.

அந்த வேலிக்குள் ஆண் பிள்ளைகள் ஒரு மூலையில், பெண் பிள்ளைகள் இன்னொரு மூலையில். கமிட்டிகள் அப்போதும் ஏராளம், எல்லாம் பெரியவர்கள் கமிட்டி. அவர்கள் ஊர் ஊராக வந்து தங்கி வகுப்பறையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், சாப்பாட்டைப் பார்ப்பார்கள், படுக்கையைப் பார்ப்பார்கள், குறிப்பு எழுதிக்கொண்டு போவார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்ற கொள்கை, எந்த வயதிலிருந்து என்று சொல்லவில்லை போலும்.

பிள்ளைகள் தாங்களே நடத்திய ஆரம்பகால அமைப்புகளைத் தேடிப் பார்த்தால் வேடிக்கையான ஓரிடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். யார்க் நகரின் பூத்தம் பள்ளி, 1834, இயற்கை வரலாற்றுச் சங்கம். நாவல் கூடாது, நடனம் கூடாது, இசை கூடாது, நாடகம் கூடாது என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்ட பிறகு திறந்திருந்த ஒரே ஜன்னல் இயற்கை. செடி கொடி, பூச்சி, பறவை, சிப்பி. கடவுளின் படைப்பைப் பார்ப்பதில் என்ன தப்பு? பையன்கள் அதில் குதித்தார்கள். சேகரித்தார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பாளர்களை வைத்துக்கொண்டார்கள். 1899இல் அந்த ஆர்வம் கொஞ்சம் மிஞ்சிப் போனது: மாணவன் ஒருவன் நத்தை ஓடுகளைச் சுத்தம் செய்ய அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு அப்படியே போய்விட, தீப்பிடித்துப் பள்ளியின் பெரும்பகுதி எரிந்தது. சங்கத்தைக் கலைத்துவிடவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே அதுதான்.

விடுதி நிர்வாகத்திலேயே மாணவர் கமிட்டி என்பது 20ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். முற்போக்குக் கல்வி அலை ஒரு பக்கம், பொருளாதார நெருக்கடி இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அமெரிக்க மத்திய மாநிலங்களின் சிறு பள்ளிகளைப் பார்த்தால் அதன் கை நன்றாகத் தெரிகிறது. அயோவாவில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்கேட்டர்குட் பள்ளி 1890இல் தொடங்கி, பெருமந்த காலத்தில் 1931இல் மூடப்பட்டது. காலியாகக் கிடந்த கட்டடம் 1939 முதல் 1943 வரை ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான விடுதியாக இருந்தது. மொத்தம் 185 பேர் தங்கிப் போனார்கள். ஊரில் வக்கீலாகவும் கடை முதலாளியாகவும் இருந்தவர்கள் அங்கே வந்து தோட்டம் கொத்தினார்கள், முறை வைத்துத் தட்டு கழுவினார்கள், கூடவே குவேக்கர் ஊழியர்களும் கழுவினார்கள். 1944இல் அதே இடம் மறுபடி பள்ளியானபோது கையில் பணம் இல்லை, வேலைக்காரர் வைக்க வழியில்லை. சமையல், துணி துவைப்பு, பண்ணை எல்லாவற்றையும் மாணவரும் ஆசிரியருமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வேலையைப் பங்கு போட்டால் வேலைப் பட்டியல் வேண்டும், பட்டியல் வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கமிட்டி அங்கே கொள்கையிலிருந்து இறங்கி வந்ததைவிட, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து ஏறி வந்தது என்பேன்.

ஒரு சிறு குவேக்கர் விடுதியின் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கைகோத்து அல்லது தலைகுனிந்து ஒரு நிமிட மௌனம். சாப்பிட்டு முடித்ததும் அந்த வாரத்துப் பாத்திரக் குழு எழுந்து போகும். ஒருவர் தட்டில் மிச்சத்தை வழித்துப் பன்றிக்கோ உரக்குழிக்கோ போகும் வாளியில் போடுவார், ஒருவர் தண்ணீர் பீச்சி அலசுவார், ஒருவர் தட்டுகளை இயந்திரத்துக்குள் தள்ளுவார். அண்டா குண்டா இயந்திரத்தில் போகாது. அடிப்பிடித்த பாத்திரத்தைக் கையால் தேய்க்கும் இடம்தான் யாருக்கும் பிடிக்காத இடம். அதில் நிற்க வேண்டியவன் வரவில்லை என்றால் மீதிப் பேர் அரை மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும், அவர்கள் படிப்பு நேரம் தொடங்கும்போது ஈரச் சட்டையோடு போவார்கள். பிறகு இரண்டு மணி நேரம் படிப்பு, விடுதிக் கூடத்தில் கொஞ்சம் அரட்டை, தாழ்வாரத்தின் கோடியில் குடியிருக்கும் ஆசிரியர் கதவைத் தட்டிப் பெயர் பார்ப்பது, விளக்கணைப்பு. ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் பல பள்ளிகளில். பட்டங்களையும் மரியாதைச் சொற்களையும் குவேக்கர்கள் ஆதியிலேயே விலக்கியதன் மிச்சம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அறை ஒழுங்காக இல்லை என்றால் திட்டு விழத்தான் செய்யும்.

இப்போது கமிட்டி வேலை செய்யும் விதத்தை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஓஹையோவில் ஒரு பெண்கள் விடுதி, இருபத்தைந்து பேர், அதில் ஐந்து பேர் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்தரைக்குக் கைபேசிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஒரு யோசனை வருகிறது. ஓட்டெடுத்தால் நிமிடத்தில் முடிந்துவிடும், இருபதுக்கு ஐந்து. மௌன முறையில் அப்படி முடியாது. ஒரு பெண் சொல்கிறாள், இங்கே பத்தரை என்றால் சியோலில் மறுநாள் பகல் பதினொன்றரை, என் அம்மாவுக்குச் சாப்பாட்டு இடைவேளையே இனிமேல்தான், அந்த நேரத்தை விட்டால் பேசவே முடியாது. அவளோடு அறையில் இருப்பவள் சொல்கிறாள், நீ பேசும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை, காலை ஐந்தரைக்கு எனக்குப் பால் கறக்கும் முறை. இரண்டும் உண்மை. சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. அப்புறம் மூலையிலிருந்து ஒருத்தி, அறையில் வேண்டாம், கீழே கூடத்தில் உட்கார்ந்து பேசட்டுமே என்கிறாள். அப்படியானால் கூடத்தைப் பூட்ட விடுதி ஆசிரியை பன்னிரண்டு வரை விழித்திருக்க வேண்டும், அவருக்குக் கைக்குழந்தை. வாரத்தில் இரண்டு நாள், பன்னிரண்டு மணி வரை, கூடத்தை அந்தத் தாழ்வாரத்து மூத்த மாணவி பூட்டிச் சாவியைக் கொடுப்பாள், நான்கு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று கிளர்க் எழுதி வாசிக்கிறாள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் அந்த ஐந்து பேரும் தோற்றவர்களாக மாடி ஏறவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி இருக்கிறது. 1921இல் ஏ. எஸ். நீல் தொடங்கியது. அங்கேயும் பிள்ளைகள் கூடி விதி போடுகிறார்கள், ஆனால் ஓட்டுப் போட்டு, ஆறு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே ஓட்டு. வேகம் உண்டு, தெளிவு உண்டு, அடுத்த வாரமே மாற்றியும் போடலாம். நேர்மையாகச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முறைதான் புரியும். மௌனத்தில் கருத்து கனிவதற்குக் காத்திருக்கும் பொறுமை பத்து வயதில் எத்தனை பேருக்கு வரும்?

குவேக்கர் முறைக்குச் சிக்கல்களும் நிறைய, அவற்றைப் பள்ளிகள் விளம்பரத்தில் போடுவதில்லை. முதல் சிக்கல், எல்லோரும் ஏற்றால்தான் முடிவு என்பது பதினாறு வயதில் பெரிய அழுத்தம். நாற்பது பேர் தலையாட்டும்போது "எனக்கு ஒப்பவில்லை" என்று ஒருத்தி சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், அதுவும் நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அவர்களோடுதான் உட்கார வேண்டும் என்னும்போது. நான் விடுதியைத்தான் இந்த முறையின் பலம் என்றேன். அதே விடுதிதான் அதன் பலவீனமும். ஓட்டுச்சீட்டில் ரகசியம் இருக்கிறது, இங்கே அது இல்லை. அடுத்தது, பொறுமையாகக் கோவையாகப் பேசத் தெரிந்தவர்கள் கையில் கூட்டம் போய்விடும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர் வாக்கியத்தைத் தேடி முடிப்பதற்குள் கிளர்க் குறிப்பு எழுதத் தொடங்கியிருப்பார். இன்றைக்கு இந்தப் பள்ளிகளில் மாணவர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த முறை வீட்டிலிருந்து பழகி வந்த சிலருக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இடையே இயல்பாகவே ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கும்.

ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டிதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. பல பள்ளிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து, குடித்து மாட்டியவன் அல்லது தேர்வில் பார்த்து எழுதியவன் சொல்வதைக் கேட்டு, என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியருக்குப் பரிந்துரைப்பார்கள். பரிந்துரைதான், முடிவு அவருடையது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் தாழ்வாரத்தில் எல்லோருக்கும் தெரியும் யார் அந்தக் கமிட்டி என்று. நண்பனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்ன குழுவில் இருந்தவன் அன்றிரவு அதே விடுதியில்தான் தூங்கப் போகிறான். இதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது சரிதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். பிள்ளைகள் பாதுகாப்பு, போதைப்பொருள் போன்றவற்றில் சட்டமே கையைக் கட்டிவிடுவதால், அங்கே கமிட்டிக்குப் பேச்சு மட்டும்தான், அதிகாரம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடும் பள்ளிகளில் மனக்கசப்பு குறைவாக இருக்கும். எல்லாம் உங்கள் கையில் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் "இது மட்டும் முடியாது" என்றால் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் மனதோடு வர மாட்டார்கள்.

பெரிய விடுதியில் இதெல்லாம் நடக்காது என்று நினைத்தவர்கள் விடுதியையே கலைத்துப் பார்த்தார்கள். நியூ ஹாம்ப்‌ஷயர் மாநிலத்தின் ரிண்ட்ஜில் 1957இல் தொடங்கிய 'மீட்டிங் ஸ்கூல்' அப்படிப்பட்டது: தனி விடுதிக் கட்டடம் என்று இல்லாமல், பண்ணையைச் சுற்றியிருந்த ஆசிரியர்களின் வீடுகளிலேயே நாலைந்து மாணவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள், முடிவுகளை எல்லோரும் கூடி எடுத்தார்கள். வட கரோலினாவின் செலோவில் 1962இல் தொடங்கிய ஆர்தர் மார்கன் பள்ளி 12 முதல் 15 வயதுக்காரர்களுக்கு இதே மாதிரி வீட்டு முறையை வைத்துக்கொண்டது. அழகான ஏற்பாடு, ஆனால் செலவு தாங்காது, ஆசிரியருக்கும் ஓய்வே கிடையாது. மீட்டிங் ஸ்கூல் 2011இல் மூடிவிட்டது. இங்கிலாந்தில் கிரேட் எய்டன் பள்ளி 1997இலும் சாஃப்ரன் வால்டன் பள்ளி 2017இலும் மூடின. தாக்குப்பிடிக்கும் பெரிய பள்ளிகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் அவற்றின் உறைவிடக் கட்டணம் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது, எளிமையைப் போதிக்கும் பள்ளியில். அந்தக் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளையும் முறை வந்தால் சாப்பாட்டு மேசை துடைக்கிறது என்பதும் உண்மை.

மாணவர் கமிட்டியின் கைக்கு எட்டாத முடிவு ஒன்று எப்போதும் உண்டு, பள்ளி இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது. ஓஹையோவின் ஆல்னி பள்ளி 1837இல் மவுண்ட் பிளசன்டில் தொடங்கி 1876இல் பார்ன்ஸ்வில்லுக்கு வந்தது. பழமை மாறாத ஓஹையோ ஆண்டுக் கூட்டம், அதாவது அந்த வட்டாரத்துக் குவேக்கர் சபைகளின் கூட்டமைப்புதான், அப்போது அதற்கு உரிமையாளர். 1998இல் அந்த ஆண்டுக் கூட்டம் பள்ளியைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஊரும் பழைய மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கி, நிலத்தையும் கட்டடத்தையும் பள்ளியையும் 1999இல் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். நிதி திரட்ட ஒரு கமிட்டி, கட்டடம் பார்க்க ஒரு கமிட்டி, ஆள் பரிந்துரைக்க ஒரு கமிட்டி என்று மறுபடி தொடங்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.